சென்னிமலையிலிருந்து ஃபிலிம் ஸ்கூலுக்கு: ஒரு மாற்றல் விண்ணப்பத்தின் முழு விவரம்

விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: இங்கே ஒன்று அல்லது இரண்டு வருடம் படித்துவிட்டு அமெரிக்காவில் பெரிய ஃபிலிம் ஸ்கூல் ஒன்றுக்கு மாறிப் போக முடியுமா? முடியும். போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போகும்போது எது கூட வரும், எது வராது என்பதில் நம் ஊர்க் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பொதுவாகச் சொன்னால் இது யாருக்கும் ஏறுவதில்லை, அதனால் ஒரே ஒரு பெண்ணின் விவகாரத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். பெயர், படித்த கல்லூரி, போய்ச் சேர்ந்த பல்கலைக்கழகம் மூன்றும் இதில் இருக்காது. வீட்டில் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். நான் ஈரோட்டில் எடிட்டிங் ஸ்டுடியோ நடத்துபவன், விஸ்காம் மாணவர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கப் போவதும் உண்டு, அந்த வழியில் வந்த பழக்கம்.

பெண்ணுக்குச் சொந்த ஊர் சென்னிமலை. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், விசைத்தறிக்கு ஸ்பேர் செய்து கொடுக்கிறார், பெட்ஷீட் ஓட்டும் சில தறிகளும் சொந்தமாக உண்டு. பெண் கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. விஸ்காம் சேர்ந்து முதல் வருடம் முடிவதற்குள், இது போதாது, படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா கோபப்படவில்லை. அவருக்கு உடனே தோன்றியது வேறு ஒன்று.

“ஏனுங்க சார், நானெல்லாம் டிப்ளமோ முடிச்சுட்டு நேரா செகண்ட் இயர் பி.இ. சேர்ந்தவனுங்க. இவளும் ரெண்டு வருசம் இங்க, ரெண்டு வருசம் அங்கன்னு முடிச்சுக்கலாமில்லீங்க?”

கொங்குப் பக்கம் இந்தக் கணக்கு ஏன் சட்டென்று வருகிறது என்றால், பாலிடெக்னிக் படித்து லேட்டரல் என்ட்ரியில் இன்ஜினியரிங் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அது சரியாக ஓடுகிற ஏற்பாடும்கூட. பி.இ. முதல் வருடத்தில் இருப்பது பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஒர்க்‌ஷாப், டிராயிங். டிப்ளமோக்காரன் அதையெல்லாம் ஒரு விதத்தில் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். அதனால் அந்த வருடத்தைத் தள்ளிவிட்டு உள்ளே விடுகிறார்கள்.

ஃபிலிம் ஸ்கூலில் இது நடக்காது. அங்கே படமெடுக்கும் வகுப்புகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தனியாகச் சின்னச் சின்னப் படங்கள் எடுப்பார்கள், அடுத்ததில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் கேமரா, எடிட்டிங், சவுண்ட் என்று மாறி மாறி வேலை பார்ப்பார்கள், அதற்கடுத்ததில் முழு யூனிட். ஒன்றை முடிக்காமல் மற்றதில் உட்கார முடியாது. கடைசி வருடப் படத்துக்கு யார் யாருக்கு கேமராமேன் என்பதெல்லாம் முதல் வகுப்பில் உண்டான நட்பிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. வெளியிலிருந்து வருகிறவரை நடுவில் நுழைத்தால் அவருக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். ஆகவே ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் தாளில் நீங்கள் மூன்றாம் வருட மாணவர் என்று இருக்கலாம், டிபார்ட்மென்டில் முதல் வகுப்பிலிருந்துதான் ஆரம்பிப்பீர்கள்.

அப்படியானால் எதைத்தான் மாற்றிக்கொண்டு போகிறோம்? பொதுப் பாடங்களை. அமெரிக்க நான்கு வருடப் பட்டத்தில் கணிசமான பங்கு வரலாறு, அறிவியல், கணக்கு, எழுத்து, இன்னொரு மொழி என்று பொதுக் கல்விக்கு ஒதுக்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் படித்த ஒளிப்படக்கலை, வீடியோ எடிட்டிங், விளம்பரவியல் தாள்கள் அங்கே போனதும் விருப்பப் பாடம் என்ற மூட்டையில் போய் விழும், இல்லையென்றால் ஒன்றுமில்லாமல் போகும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் எடுத்துப் பார்த்த பகுதி ஒன்று தமிழ், சுற்றுச்சூழல் கல்வி, துணைப்பாடம் இவற்றுக்குத்தான் மதிப்பு வரும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப விஸ்காமுக்குக் கட்டுன பீஸு?” என்று கேட்டார்.

நம் நாட்டுக்குள் என்ன வழி என்பதையும் பார்த்தோம், அது சீக்கிரம் முடிந்துவிட்டது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு வருட இளங்கலைப் பட்டம் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று பிரிவு பிரிவாக, அரசுக் கட்டணத்தில். ஆனால் முதல் வருடத்தில்தான் சேர வேண்டும். புனேயில் மத்திய அரசின் திரைப்பட நிறுவனமான எஃப்.டி.ஐ.ஐ. 1960இல் பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் தொடங்கியது, கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம் 1995இல் வந்தது. இரண்டிலும் பிரதானமான மூன்று வருடப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி முடித்திருக்க வேண்டும். பாதியில் மாறி வருவது என்ற ஏற்பாடே இல்லை. என்னைக் கேட்டால் டிகிரியை முடித்துவிட்டுப் புனேக்கும் கொல்கத்தாவுக்கும் எழுது என்பேன், அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. காரணம் கேட்டதற்கு, “அது வரைக்கும் இந்த ஆர்வம் இருக்குமான்னு தெரியல சார்” என்றாள். இருபது வயதில் சொல்கிற பதில்தான், ஆனால் பொய்யில்லை.

முதல் சுற்று

முதல் தடவை எனக்குத் தெரியாமல் அவளே விண்ணப்பித்தாள். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், நியூயார்க் பல்கலைக்கழகம் போன்ற பெரிய பெயர்களையெல்லாம் மேலிருந்து கீழே எழுதி வைத்துக்கொண்டு, கோவையில் ஒரு கன்சல்டன்சியின் உதவியோடு. எல்லா இடத்திலும் இல்லை என்று வந்தது. அந்த ஃபைலைப் பிற்பாடு முழுக்கப் படித்துப் பார்த்தேன். மார்க் குறைவில்லை, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வும் நன்றாகவே இருந்தது. கன்சல்டன்சிக்காரர்கள் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ஆள் அனுப்பிப் பழகியவர்கள், அதே அச்சில் இதையும் வார்த்திருந்தார்கள்.

ஃபிலிம் ஸ்கூல் விண்ணப்பம் இரண்டு கதவு. ஒன்று பல்கலைக்கழகத்தின் பொதுச் சேர்க்கை: மார்க், ஆங்கிலத் தேர்வு, பொதுக் கட்டுரை. இன்னொன்று டிபார்ட்மென்ட் தனியாகக் கேட்கும் படைப்புத் தொகுப்பு: தன்னைப் பற்றிய கட்டுரை, ஒரு எழுத்து மாதிரி, சில நிமிட வீடியோ அல்லது கதை சொல்லும் ஒளிப்பட வரிசை, இதுவரை செய்த வேலைகளின் பட்டியல். ஒன்றில் மட்டும் தேறினால் போதாது. தேதியும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுவான மாற்றல் கெடு பிப்ரவரி, மார்ச் என்று இருக்கும் பல்கலைக்கழகத்திலேயே சினிமாத் துறைக்கு மட்டும் டிசம்பரில் முடிந்துபோவது உண்டு. பொது இணையப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பொங்கல் கழித்து ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த வருடம் போச்சு. இந்தப் பெண்ணுக்கு ஓர் இடத்தில் அப்படித்தான் போனது.

வீடியோவைப் பார்த்தேன். கொடிவேரி அணைக்கு மேலே டிரோன் பறக்கிறது. தண்ணீர் கொட்டுகிறது, பின்னால் ஏதோ வெளிநாட்டு இசை, ஒரு பெண் ஸ்லோமோஷனில் திரும்பிப் பார்க்கிறாள், பெயர் போடுகிறார்கள். அழகாகத்தான் இருந்தது. அணையைக் கட்டியவனுக்கும் டிரோன் செய்தவனுக்கும் சீட்டுக் கொடுக்கலாம், எடுத்தவளைப் பற்றி அதில் ஒன்றுமே தெரியவில்லை.

எழுத்து மாதிரி இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு காபிக் கடை, முன்னாள் காதலர்கள் இருவர், வெளியே மழை. அவள் அதுவரை அமெரிக்கா போனதில்லை, காதலித்த மாதிரியும் தெரியவில்லை. கட்டுரை, எல்லோரும் எழுதுவது போலவே, சின்ன வயதிலிருந்தே சினிமா என்றால் உயிர் என்று ஆரம்பித்தது. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் அன்று காலையிலிருந்து அதே வரியை எத்தனை தடவை படித்திருப்பாரோ.

சிபாரிசுக் கடிதங்கள் நம் கல்லூரிகளின் நித்திய வியாதி. ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன், கையெழுத்து, சீல். பெயரை மாற்றினால் பி.காம். பையனுக்கும் பொருந்தும். எழுதிய ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கு வேறு மாதிரி எழுத வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு. மாற்றலுக்கு விண்ணப்பிப்பவரிடம் முதல் வருடத்துக்கு வருகிறவரிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: இப்போது இருக்கும் இடத்தை விட்டு ஏன் வருகிறாய், அங்கே இருந்த நாளில் என்ன செய்தாய்? இவள் அதற்கு, எங்கள் கல்லூரியில் நல்ல கேமரா இல்லை என்று எழுதியிருந்தாள். உண்மைதான். ஆனால் அதைப் படிப்பவர், கேமரா இல்லாத இடத்தில் நீ சும்மா இருந்தாயா என்றுதான் நினைப்பார்.

அந்தப் பாவு

இரண்டாவது வருடம் ஆரம்பிக்கும்போது அப்பாவே அழைத்து வந்து என் முன்னால் உட்கார வைத்தார். நான் கேட்டது ஒன்றுதான். உன் வீட்டில், தெருவில், வேறு யாராலும் உன் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்க்க முடியாத ஒன்று என்ன இருக்கிறது? முதலில் சென்னிமலைக் கோயில் என்றாள், அது எல்லோரும் எடுப்பது. அப்புறம் கல்யாணச் சீர், அதை நடத்திவைக்கும் அருமைக்காரர் என்றாள். அது நல்ல விஷயந்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் வெளியாளுக்கு விளக்கி முடியாது, பாதி நேரம் யார் யாருக்கு என்ன முறை என்பதிலேயே போய்விடும். கடைசியில் பேச்சுவாக்கில் அவள் அம்மாதான், “அந்தக்கா பாவு பிணைக்கறத எடு கண்ணு” என்றார்.

தெரியாதவர்களுக்கு: பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். ஒரு பாவு ஓடி முடிந்ததும் புதுப் பாவை ஏற்றி, பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புது இழையோடு கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அவர்கள் தறிக்கு வருகிற அக்கா தறிக்கு நடுவில் பலகை போட்டு உட்கார்ந்து, விரல் வழுக்காமலிருக்கத் திருநீற்றை ஒரு மூடியில் வைத்துக்கொண்டு, தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, மடக்கி ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான், அடுத்தது. கண் இழையிலேயே இருக்காது. பக்கத்தில் நிற்பவரிடம் மகன் ஸ்கூல் பீஸைப் பற்றிப் பேசிக்கொண்டே விரல் போய்க்கொண்டிருக்கும். பட்டறை வீட்டுப் பெண் என்பதால் இவளை ஆளாகவே யாரும் மதிக்கவில்லை, அதுதான் வேண்டியிருந்தது. கேமரா ஒரு சாண் தூரத்துக்குப் போக முடிந்தது.

பிரச்சினை சத்தம். பாவு பிணைக்கும்போது அந்தத் தறி நின்றுதான் இருக்கும், ஆனால் மற்ற தறிகளும் பக்கத்துக் கொட்டகையும் ஓடும். விசைத்தறிச் சத்தத்தில் போன் மைக் அப்படியே உடைந்துபோகிறது, கேட்டால் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். அவள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள், நானாக இருந்தால் யோசித்திருக்க மாட்டேன். மின்வாரியம் மாதாமாதம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துமே, அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். அன்றைக்குத்தான் ஊரில் தறிச் சத்தமே இருக்காது. அக்காவை அதே இடத்தில் உட்கார வைத்து, விரல் உரசும் சத்தம், மூடி நகரும் சத்தம், பேச்சு எல்லாவற்றையும் தனியாகப் பதிவு செய்தாள். தறிச் சத்தத்தை இன்னொரு நாள், சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கை வைத்து, மந்தமாகப் பிடித்தாள். எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்தபோது, அறைக்குள் விரல் சத்தம் கிட்டத்தில் கேட்கிறது, வெளியே ஊர் ஓடுகிறது. படம் நாலு நிமிடம். பின்னணி இசை கிடையாது. முடிவில் அக்கா எழுந்து போகிறார், முதலாளி சுவிட்சைப் போடுகிறார், சத்தம் முழுசாக வந்து விழுகிறது, கட்.

கட்டுரையில் அவள், இழையைப் பிணைப்பதும் என் படிப்பை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பிணைப்பதும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தாள். அடித்துவிட்டேன். படத்தைப் பார்ப்பவர்களுக்கு அதை யோசிக்கத் தெரியாதா?

இன்னொன்றையும் அடித்தேன், அது எனக்கே பிடித்திருந்தது. 1935இல் மாணிக் லால் டாண்டனோடு இந்தியா வந்து தமிழ்ப்படங்கள் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர், டாண்டன் அங்கே அவருடைய வகுப்புத் தோழர். அந்தப் பள்ளி தொடங்கியது 1929இல். ஆக, அதன் ஆரம்ப கால மாணவர் ஒருவர்தான் பிற்பாடு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் வந்து படம் எடுத்தார். நம் பக்கத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் உள்ள பழைய உறவு, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது டங்கனின் கதை, சென்னிமலைப் பெண்ணின் கதை இல்லை. உங்கள் பள்ளியின் பெருமை எனக்குத் தெரியும் என்று காட்டுவதற்காக எழுதும் வரியை வாசிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எழுத்து மாதிரிக்குக் காபிக் கடை போய், ஈரோட்டு ஜவுளிச் சந்தை வந்தது. திங்கட்கிழமை ராத்திரி, விடிந்தால் செவ்வாய்ச் சந்தை, கேரளா வியாபாரி ஒருவர் பெட்ஷீட் கட்டைப் பிரிக்கச் சொல்லி விலை பேசுகிறார், கடையில் அண்ணனும் தங்கையும், வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மூன்று பக்கம். என்ன ஆயிற்று என்று கடைசி வரை சொல்லவில்லை. பரவாயில்லை என்று விட்டேன்.

ஏன் மாறுகிறாய் என்ற கேள்விக்கு இந்தத் தடவை பதில் இருந்தது. கல்லூரியில் செய்த வேலைகளை வரிசையாக எழுதி, சவுண்டுக்கு மின்தடை நாளுக்குக் காத்திருந்ததைச் சொல்லி, என்னால் தனியாக இவ்வளவு தூரம் வர முடிகிறது, அடுத்ததற்கு எனக்கு ஒரு யூனிட்டும் என் தவறைச் சொல்ல ஆளும் வேண்டும் என்று முடித்தாள். கல்லூரியைக் குறை சொல்லவே இல்லை. சிபாரிசுக் கடிதம் ஒன்று, அவள் எடிட்டிங் லேபில் விடியும்வரை உட்கார்ந்ததை நேரில் பார்த்த ஆசிரியரிடம். என்னென்ன பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள் என்று அவரிடம் உட்கார்ந்து பேசினோம். இன்னொன்று அவள் லீவில் வேலை பார்த்த கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரரிடம். அவருக்கு ஆங்கிலம் சுமார், ஆனால் மண்டபத்தில் ஜெனரேட்டர் நின்றபோது இவள் என்ன செய்தாள் என்று ஒரு பத்தி எழுதினார். அந்தப் பத்தி எந்தப் புரொபசர் கடிதத்துக்கும் சளைத்ததில்லை.

கிரெடிட் பஞ்சாயத்து

கட்டுரையும் படமும் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பணமும் வருடமும் இங்கேதான் போகிறது. பாரதியார் பல்கலைக்கழக வழியில் மூன்று வருட டிகிரிக்கு 140 கிரெடிட். ஒவ்வொரு தாளுக்கும் அதன் அளவுக்கேற்பக் கொடுக்கும் புள்ளிதான் கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மையும் துணையும், நான்கில் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி இத்யாதி. அமெரிக்காவில் இதை நேராக யாரும் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள். மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும், அதற்குக் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையால் சீல் வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது முழு மதிப்பெண் பட்டியல், போக வேண்டும். அதற்கப்புறம் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு மறுபடி மதிப்பிடும். முதலாமவர் கொடுத்த கிரெடிட்டை இரண்டாமவர் மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதற்காக ஒவ்வொரு தாளுக்கும் விரிவான பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு எடுத்து வைக்கச் சொன்னேன். தாளின் பெயர் போதாது. சுற்றுச்சூழல் கல்வி என்று மட்டும் இருந்தால் அறிவியலா சமூகவியலா என்று அவர்களுக்குத் தெரியாது, யூனிட் வாரியாக என்ன படித்தோம் என்று இருந்தால் அறிவியல் தேவையில் ஒன்றைக் கழிக்க வாய்ப்பு உண்டு. பகுதி இரண்டு ஆங்கிலம் பெரும்பாலும் செய்யுள், உரைநடை என்பதால் அவர்கள் கேட்கும் கட்டுரை எழுதும் வகுப்புக்கு ஈடாகாமல் போகலாம், இவளுக்குப் போனது. தமிழ் நேர் எதிர்: பல பல்கலைக்கழகங்களில் வேற்று மொழித் தேவை உண்டு, பள்ளியிலிருந்து தமிழ் படித்தவருக்கு அது கழிந்துவிடும். மெட்ரிகுலேஷனில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கச் சொன்ன அத்தைகளிடம் இதை யாராவது சொன்னால் தேவலை.

யூ.சி. என்கிற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூ.சி.எல்.ஏ. பெயர் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். அங்கே மாற்றல் என்பது பெரும்பாலும் மூன்றாம் வருடச் சேர்க்கை, 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட், கையில் இருக்க வேண்டும் (கிரெடிட்டைத்தான் அங்கே யூனிட் என்கிறார்கள்). விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபர் தொடங்கி நவம்பர் கடைசியோடு முடியும். முன்னுரிமை அந்த மாநிலத்துச் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு. இரண்டு வருடம் அங்கே குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டுப் பெரிய இடத்துக்கு ஏறுவது அவர்கள் ஊர் பாலிடெக்னிக் வழி என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸ்கூட மொடெஸ்டோ என்ற ஊரில் அப்படி ஒரு ஜூனியர் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் தென் கலிபோர்னியாவுக்கு மாறினார். சில வளாகங்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு உத்தரவாதச் சேர்க்கை தருகின்றன, யூ.சி.எல்.ஏ. அதில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து நேராக அங்கே மாறப் பார்ப்பது மிகக் குறுகலான சந்து. இவளை அதற்கு எழுத வேண்டாம் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டாள்.

வந்த பதில்கள்

இந்தச் சுற்றில் பெரிய பெயர்கள் மறுபடியும் இல்லை என்றன. ஓர் இடத்தில் காத்திருப்புப் பட்டியல், அதுவும் பிற்பாடு இல்லை என்றானது. இரண்டு இடம் ஆம் என்றது. அதில் ஒன்று வலை: பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்கிறது, படமெடுக்கும் பிரிவு சேர்த்துக்கொள்ளவில்லை, வேண்டுமானால் ஊடகவியல் படிக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று. உள்ளே இருப்பவரும் படமெடுக்கும் பிரிவுக்கு மாற, மறுபடி முழு விண்ணப்பம், மறுபடி படைப்புத் தொகுப்பு, மறுபடி அதே போட்டி. கிடைக்காவிட்டால் சினிமாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் பட்டத்துக்கு அமெரிக்க விலை கொடுத்ததாக ஆகும். இதை மட்டும் அப்பாவிடம் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

இன்னொன்று ஓர் அரசுப் பல்கலைக்கழகம், நேராகத் தயாரிப்புப் பிரிவில். கூடவே கிரெடிட் கணக்கு வந்தது: இவள் இரண்டு வருடத்தில் வாங்கியதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள், விஸ்காம் தாள்களில் இரண்டு மட்டும் விருப்பப் பாடமாக. தயாரிப்பு வகுப்பு முதல் படியிலிருந்து. ஆக மூன்று வருடம். இரண்டு வருடத்தைக் கொடுத்து ஒரு வருடத்தை வாங்கியிருக்கிறோம்.

பணம். பெரிய தனியார் ஃபிலிம் ஸ்கூல்களில் செலவு எப்படி என்று தெரிய வேண்டுமானால், தென் கலிபோர்னியாவில் படிப்பு, தங்கல், சாப்பாடு சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல். 75 லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி கிடையாது, திறமை உதவித்தொகை மட்டும். அதனால் ஒருவகையில் அங்கே கிடைக்காததும் நல்லதுக்குத்தான் என்று அம்மா சொன்னார். கிடைத்த அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை போக வருடத்துக்கு முப்பது லட்சத்துக்குப் பக்கம் வந்தது. பெருந்துறைப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த சைட்டை விற்றார்கள், மீதிக்கு பேங்க் லோன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வேல்யூவர் என்று லோனுக்கு அலைந்த அலைச்சல் விண்ணப்பத்தைவிடப் பெரிசு. பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 படிவம் வந்தது, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டினார்கள், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 மாணவர் விசா இன்டர்வியூ இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அங்கே கேட்டது, படித்துக்கொண்டிருப்பதை ஏன் விட்டுவிட்டுப் போகிறாய் என்பதுதான். அதற்குப் பதில் மனப்பாடமாகவே இருந்தது.

அப்பாவிடம் நான் ஒளிக்காமல் சொன்ன இன்னொன்று: பெரியப்பா மகன் எம்.எஸ். முடித்து வேலை பார்த்து லோனை அடைத்த கணக்கை இதற்குப் போடக்கூடாது. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கப் பொதுவாக 12 மாத அனுமதி கிடைக்கும். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அதற்கு மேல் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு உண்டு, சினிமா படித்தவருக்குப் பொதுவாக அது கிடையாது. அந்த 12 மாதத்தில் ஒரு எடிட்டர் ஆபீஸில் உதவியாளராக உட்கார்ந்து லோனை அடைத்துவிட முடியாது. அவர் கேட்டுக்கொண்டார். தறியை வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார், அது நிஜமாகவே அவரால் முடியும். முடியாத வீடாக இருந்திருந்தால் நான் இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பேன், பெண் என்ன அழுதாலும்.

இப்போது அவள் தயாரிப்பு வகுப்பில் இரண்டாவது படியில் இருக்கிறாள். வகுப்பில் மற்றவர்கள் இவளைவிட இரண்டு வயது சின்னவர்கள், முதல் செமஸ்டரில் அது உறுத்தியதாம், சவுண்ட் பிடிக்க எல்லோரும் இவளைத் தேடி வர ஆரம்பித்ததும் போய்விட்டதாம். சேர்ந்த பிறகு கிரெடிட்டை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்பதை அவளே கண்டுபிடித்து, சுற்றுச்சூழல் தாளின் பாடத்திட்டம் வேண்டுமென்று போன செமஸ்டரில் கேட்டாள். பழைய கல்லூரியில் துறைத்தலைவர் மாறியிருந்தார், முத்திரை யாரிடம் இருக்கிறது என்பதில் ஒரு வாரம் போனது. அனுப்பினோம். மூன்று யூனிட் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரு கோடைக்கால வகுப்பும் அதற்கான கட்டணமும் மிச்சம். துணைப்பாடத் தாள் ஒன்றுக்கும் மனுப் போட்டிருக்கிறாள், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.